ஜீப்புக்கு முதலில் பிரேக்கு, அப்புறம் பெரிய டயரு

செங்கல்பட்டு மாவட்டத்தைக் கார் மாவட்டம் என்றே சொல்லிவிடலாம். மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி 2022 வரை கார்களைச் செய்து கப்பலேற்றியது. பரனூர் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ கார் பூட்டுகிறார்கள். அதே வளாகத்தில் 2012இல் வந்தது மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம். 2020இல் வெளிவந்த புதிய தார் ஜீப்பின் வேலை நடந்தது அங்கேதான்.

இத்தனையும் இருக்கிற ஊரில், அந்தத் தாரின் தாத்தா ஒருவர் ஏதோ ஒரு வீட்டு வேப்பமரத்தடியில் டயரில் காற்று இல்லாமல், சீட்டில் பூனை குட்டி போட்டு, பானெட் மேல் வடகம் காய்ந்துகொண்டு நிற்பார். எம்எம்540 ஆக இருக்கலாம், மேஜராக இருக்கலாம், இல்லை மாருதி ஜிப்ஸியாக இருக்கலாம். 2019இல் பிறந்த மாவட்டத்தைவிட வண்டிக்கு வயது அதிகம். அப்பா காலத்து வண்டியாக இருக்கும், அல்லது யாரோ ஒரு காண்டிராக்டர் கைவிட்டதைக் கிடைத்த விலைக்கு வாங்கியதாக இருக்கும். இப்போது அந்த வீட்டுப் பையனுக்கு ஆசை வந்துவிட்டது. ஜீப்பை எழுப்பி ஈசிஆரில் மாமல்லபுரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போக வேண்டும்.

நல்ல ஆசைதான். பிரச்சனை என்னவென்றால், பத்தில் எட்டுப் பேர் முதலில் போகிற இடம் டயர்க்கடை. அடுத்து எல்இடி லைட் பார். அடுத்து முன்னால் ஒரு இரும்புக் கம்பி பம்பர். அப்புறம் வண்டியைத் தூக்கிக் காட்டும் லிஃப்ட். எல்லாம் முடித்துப் போட்டோ எடுத்துப் போட்ட பிறகுதான் ஒரு நாள் பிரேக் பெடல் தரையைத் தொடும். பழுது பார்ப்பது ஒரு வேலை, அலங்காரம் செய்வது இன்னொரு வேலை. ஜீப்காரர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கொடுமை என்னவென்றால், நம் சட்டமும் அதே குழப்பத்தில்தான் இருக்கிறது. சட்டத்துக்குப் பிறகு வருவோம், முதலில் வண்டி.

இந்தக் கடற்கரையில் ஜீப்புக்கு எதிரி மலையும் இல்லை, சேறும் இல்லை. உப்பு. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை காற்றிலேயே உப்பு இருக்கிறது. சாதாரண சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் ராத்திரி ஈரப்பதம் சர்வசாதாரணமாக அதைத் தாண்டும். அதாவது மழையே பெய்யாவிட்டாலும், ஷெட்டுக்குள் நிற்கிற வண்டியின் அடிப்பகுதி ராத்திரி முழுக்க ஒரு மெல்லிய உப்புத் தண்ணீர்ப் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பகலில் காய்கிறது, ராத்திரி மறுபடி நனைகிறது. கார் கம்பெனிகள் ஒரு அறைக்குள் பாகங்களை வைத்து உப்புத் தண்ணீரைத் தெளித்துச் சோதனை செய்வார்கள். மாமல்லபுரத்துக்காரருக்கு அந்தச் சோதனை வருஷம் 365 நாளும் இலவசம் :-)

கடற்கரைக் கோயிலே இதில் தப்பவில்லை. கருங்கல்லையே உப்பு அரிக்கிறது என்பதால்தான் தொல்லியல் துறை காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, உள்ளே ஏறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்றை மறிக்கச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். பல்லவர் கல்லுக்கே இந்த வைத்தியம் தேவைப்படுகிறது என்றால், சில மில்லிமீட்டர் தகடு எம்மாத்திரம்?

அதனால் பழைய ஜீப்பைத் தொடும் முதல் நாள் செய்ய வேண்டியது ஒரு சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போவது. சேஸிஸை மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். உளுத்த இரும்பு 'தொப்' என்று சொல்லும். ஸ்பிரிங் பட்டை மாட்டுகிற இடம், பாடி உட்கார்கிற இடம், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் போட்ட இடம், இந்த மூன்றும் முக்கியம். பெட்டி மாதிரி மூடின சேஸிஸ் என்றால் வெளியே பளபளவென்று பெயிண்ட் இருக்கும், உள்ளே சேறும் உப்பும் தங்கி உள்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வரும். விற்கிறவர் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். துருவை உரசி எடுக்காமல் அதன் மேல் அடித்த பெயிண்ட், பல் விளக்காமல் போட்ட லிப்ஸ்டிக்.

தடுக்க என்ன வழி? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கடலோரம் போய் வந்தால் அடியில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். "நல்ல தண்ணீர்" என்பதை அடிக்கோடு போட்டுப் படிக்கவும். கடலோரத்துப் போர்த் தண்ணீரே பாதி உப்பு. அதில் கழுவுவது சேற்றை எடுத்துவிட்டு உப்பைப் பூசுகிற வேலை. கழுவிய பிறகு சேஸிஸில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைபட்டிருக்கிறதா என்று ஒரு கம்பியால் குத்திப் பார்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை. இதற்கு யாரும் லைக் போட மாட்டார்கள் என்பதால் யாரும் செய்வதில்லை.

அடுத்தது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்கிற நாடகம். வழக்கமாக நடப்பது இதுதான். செல்ஃப் 'டிக்' என்று மட்டும் சொல்லும். மெக்கானிக் பேட்டரி போச்சு என்பார். புது பேட்டரி வாங்கியாகிவிட்டது, மறுபடியும் 'டிக்'. அப்போ செல்ஃப் மோட்டார் போச்சு. புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய மோட்டார் ஒன்று வாங்கி மாட்டியாகிவிட்டது. இன்னும் 'டிக்'. கடைசியில் யாரோ ஒரு பெரியவர் வந்து இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவார். ஒரே அடியில் ஸ்டார்ட். இரண்டு பொருள் வீணாக வாங்கியாகிவிட்டது.

இதை ஊகிக்கவே தேவையில்லை, அளந்துவிடலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு கம்பி, இன்ஜின் இரும்பில் ஒரு கம்பி. ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை என்று அர்த்தம், கடைக்குப் போகத் தேவையில்லை. கடலோர வண்டிகளில் இது சகஜமான நோய், ஏனென்றால் இரும்பும் செம்பும் சேர்கிற இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். பத்தாம் வகுப்பு வேதியியலில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்த அதே மின்கலம்தான். மார்க்குக்காகப் படித்தது ஜீப்புக்கு அடியில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது.

டீசல் இன்ஜினின் காலை நேரத்து அடமும் அப்படித்தான். மஹிந்திராவின் பழைய ஜீப்களில் வந்த பியூஜோ டீசல் நேரடியாக சிலிண்டருக்குள் டீசலை அடிக்கிற வகை இல்லை. தலைப்பகுதியில் ஒரு சின்ன அறையில் தெளித்து எரிக்கிற வகை. அந்த அறையைச் சூடாக்க ஹீட்டர் பிளக் வேண்டும். நாலில் இரண்டு செத்துப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டும், வெள்ளைப் புகை கக்கும். "செங்கல்பட்டில் ஏது குளிர், ஹீட்டர் எதுக்கு" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு டைரக்டாக விட்ட வண்டிகளும் ஓடுகின்றன. அந்த வண்டிகளில்தான் பேட்டரியும் செல்ஃபும் சீக்கிரம் சாகின்றன. பிளக்கின் ஒயரைக் கழற்றி மீட்டரால் ரெசிஸ்டன்ஸ் பார்த்தால் நல்லது எது, செத்தது எது என்று தெரிந்துவிடும்.

ஏர் பிடிப்பதும் இதே கதை. ராத்திரி நன்றாக நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துவிடும். பம்பு போச்சு, பம்பை இறக்கணும் என்று பெரிய பட்ஜெட் சொல்வார்கள். அதற்கு முன்னால், பம்புக்குப் போகிற டீசல் டியூபில் ஒரு சாண் நீளத்துக்கு, டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி மாதிரியான டியூபை மாட்டிப் பாருங்கள். குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தால் ஒரு வெடித்த வாஷரோ தளர்ந்த கிளிப்போதான் குற்றவாளி. பாகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது வைத்தியம் இல்லை, லாட்டரி. வீட்டில் வேலை செய்பவருக்கு இருக்கிற ஒரே வசதி நேரம். அந்த நேரத்தை அளப்பதில் செலவழிக்கலாம்.

வண்டி சூடாகிறது என்று போனால் நம் ஊரில் ஒரு பொதுவான மருந்து இருக்கிறது. "தெர்மோஸ்டாட் வால்வை எடுத்துடுங்க சார், நம்ம ஊருக்கு அது தேவையில்ல." தேவைதான். இன்ஜின் சீக்கிரம் வேலைச் சூட்டுக்கு வந்து அந்தச் சூட்டிலேயே நிற்பதற்காக வைத்த வால்வு அது. எடுத்துவிட்டால் இன்ஜின் பாதி நேரம் சூடு ஏறாமலே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் கூடும். வால்வு கெட்டிருந்தால் புதிது போட வேண்டும். கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சமையல்கட்டே போதும். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டால், சூடு ஏற ஏறத் திறப்பதைப் பார்க்கலாம். (அம்மா வீட்டில் இல்லாத நேரமாகச் செய்யவும்.) உண்மையான நோய் பெரும்பாலும் ரேடியேட்டரில் இருக்கும். வருடக்கணக்காக ஊற்றிய போர்த் தண்ணீரின் உப்பு, குழாய்களில் டீக்கெட்டிலின் அடியில் படிவது போல் படிந்திருக்கும். இரும்பு இன்ஜினுக்கு மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் ஹெட்டையும் அரிக்கும். கூலன்ட்டுக்குக் காசு பார்ப்பவர் ஹெட்டுக்குக் காசு கொடுப்பார்.

இப்போது தலைப்புக்கு வருவோம். பிரேக்.

பழைய வில்லிஸ் வழி வந்த ஜீப்களில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதற்கு ஒற்றைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். அதாவது நாலு சக்கரத்துக்கும் ஒரே ஒரு எண்ணெய் வழி. எங்காவது ஒரு இடத்தில் குழாய் ஓட்டையானால் நாலும் சேர்ந்து போகும். பிந்தைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறையாகப் பிரிந்தது, முன்சக்கர வழி போனாலும் பின்சக்கரம் பிடிக்கும். இப்போது உப்பை மறுபடி நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஒற்றை எண்ணெய் வழி போவது மெல்லிய இரும்புக் குழாயில். குழாய் போவது சேஸிஸ் ஓரமாக, சேறு தங்குகிற இடத்தில். வெளியிலிருந்து உப்பு அரிக்கிறது. உள்ளேயிருந்தும் அரிக்கிறது, ஏனென்றால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். பல வீடுகளில் அது வண்டி வாங்கிய நாளிலிருந்து மாறியிருக்காது. மூடியைத் திறந்தால் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும்.

ஈசிஆரில் போனவர்களுக்குத் தெரியும். சாலை நேராக இருக்கும், வேகம் தானாக ஏறும். திடீரென்று ஒரு மீனவக் குப்பத்தின் பிரிவு, ஒரு பள்ளிக்கூடம், சாலையைக் கடக்கிற சைக்கிள். அந்த இடத்தில் 'தொளுக்' என்று பெடல் உள்ளே போனால் பெரிய டயரும் லைட் பாரும் என்ன செய்யும்? ஓட்டுகிறவர் தெரிந்தே ஏறிய வண்டி. சைக்கிளில் வருகிற பிள்ளை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஜீப் என்பது சொந்தப் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஆகவே முதல் செலவு இங்கே. எல்லா பிரேக் குழாய்களையும் ஹோஸ்களையும் புதிதாக மாற்றுவது. வீல் சிலிண்டர் கிட் மாற்றுவது. ஒற்றை மாஸ்டர் சிலிண்டர் என்றால் இரட்டையாக்குவது, ஆனால் இது அனுபவம் உள்ளவர் கையால் நடக்க வேண்டும். டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் ரயில்வே கட்டை மாதிரியான திடமான மரம் வைக்கலாம். ஊர் செங்கல்பட்டாகவே இருந்தாலும் செங்கல் மட்டும் வைக்கக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை கொடுத்துவிட்டு உடையாது.

இதெல்லாம் முடிந்தபின் அலங்காரத்துக்கு வந்தால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அதிலும் கணக்குப் போட்டு வரலாம். ஜிப்ஸி கிங்கின் கம்பெனி டயர் 205/70 ஆர்15. எல்லோரும் ஆசைப்படுவது 235/75 ஆர்15. முதலாவதின் விட்டம் 668 மில்லிமீட்டர், இரண்டாவது 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிது. விளைவு? ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 88இல் போகும். அதே பிரேக் அதே பலத்தில் பிடித்தாலும் தரையில் கிடைக்கும் பிடி 9 சதவீதம் குறையும். கிளட்ச்சும் கியரும் கூடுதலாக உழைக்கும். கிலோமீட்டர் மீட்டரும் குறைவாகவே எண்ணும். "டயர் மாத்தினதுலருந்து மைலேஜ் போச்சுப்பா" என்கிற புலம்பலில் பாதி உண்மை, பாதி மீட்டர் செய்கிற கோளாறு. வேகம் கூடுகிறது, நிறுத்தும் திறன் குறைகிறது, காட்டும் எண்ணோ பொய். மூன்றும் ஒரே பில்லில்.

லிஃப்ட் விஷயம் இன்னும் மோசம். ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங் பட்டையை மேலே தூக்கி வைத்தால் வண்டி நன்றாகவே உயரும். பழைய ஜீப்பில் சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் நாலு அடி சொச்சம்தான். அகலம் அப்படியே இருக்க, எடை மட்டும் மேலே போனால் வளைவில் என்ன ஆகும் என்று பம்பரம் விட்ட எல்லோருக்கும் தெரியும். ஸ்டீயரிங் கம்பியின் கோணம் மாறும், பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். அதுவரை அடங்கியிருந்த கிங் பின் தேய்மானம், டை ராடு எண்டின் ஆட்டம் எல்லாம் 60 வேகத்தில் ஸ்டீயரிங்கைப் பேய் பிடித்த மாதிரி ஆட்டும். அதற்கு ஸ்டீயரிங் டேம்பர் ஒன்றை வாங்கி மாட்டி அமுக்கிவிடுவார்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைத்த கதை.

லைட் பாருக்குச் செலவழிக்கும் காசில் உருப்படியான ஒரு வேலை உண்டு. பழைய வண்டியில் ஹெட்லைட் கரண்ட் முழுக்க டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. வழியில் ஒயரும் சுவிட்ச்சும் வோல்ட்டேஜைத் தின்றுவிடும். ஹாலஜன் பல்புக்கு 10 சதவீதம் வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். இரண்டு ரிலேயும் கொஞ்சம் தடித்த ஒயரும் ஒரு ஃபியூஸும் போட்டுப் பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் அதே பல்பு கண் திறக்கும். எதிரே பைக்கில் வருகிறவரின் கண்ணும் பிழைக்கும்.

எங்கே ஓட்டுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜீப் தயாரானதும் பலருக்குக் கடற்கரை மணலில் இறக்கிப் பார்க்கத் தோன்றும். கூடாது. வண்டிக்கு நடப்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆக்ஸிலின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால், சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கிய உடனே உள்காற்று சுருங்கி, சீல் வழியாகக் கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து ஆயில் பிளக்கைத் திறந்தால் பால் காப்பி வரும். (மழைக்காலத்தில் தேங்கிய வெள்ளத்தில் ஓட்டினாலும் இதே கதி, அதனால் ஐப்பசி கார்த்திகை முடிந்ததும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.) ஆனால் பெரிய காரணம் வண்டி இல்லை. தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை இதே மணலில்தான் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ராத்திரியில் ஏறி வந்து முட்டை புதைக்கின்றன. முட்டை இருப்பது ஒன்றரை அடி ஆழம். மேலே ஒரு டன் வண்டி ஏறினால் மணல் இறுகும், குஞ்சு வெளியே வர முடியாது. டயர் தடம் ஒரு பள்ளத்தாக்கு மாதிரி ஆகி, தப்பி வந்த குஞ்சையும் கடலுக்குப் போகவிடாமல் வழி மாற்றும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்த ஆமைகள் ஒதுங்கின. வலை போதாதென்று டயருமா? தெரிந்தவரின் தரிசு நிலம், அனுமதி கேட்டு. அது போதும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இரும்புக் கம்பி பம்பரை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்றது. அதில் தப்பில்லை. நடந்து போகிறவர் மேல் மோதினால் அந்தக் கம்பி எலும்பைத்தான் தேடும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவர் வண்டியை ஒரு சாண் தூக்கி ஆபத்தாக்குகிறார். இன்னொருவர் டிரம்மை எடுத்துவிட்டு முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டுப் பாதுகாப்பாக்குகிறார். இரண்டுமே 'கம்பெனி சொன்னதிலிருந்து மாறியது'தான். முதலாமவரும் பயப்படுகிறார், இரண்டாமவரும் பயப்படுகிறார். பயத்தில் இருவரும் செய்வது ஒன்றே: சொல்லாமல் செய்வது. சொல்லாமல் செய்த வேலையை யாரும் சோதிப்பதில்லை. வெல்டிங் சரியா, போல்ட் சரியா, பார்க்க ஆளில்லை.

ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒன்றும் தாராளமானவர்கள் இல்லை, கறாரான ஆட்கள். பாகத்தை மாற்றினால் அதன் சோதனைச் சான்றோடு வண்டியை டியுவ் மாதிரியான சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பொறியாளர் பார்ப்பார், தேவையென்றால் ஓட்டிப் பார்ப்பார். சரியென்றால் மாற்றம் வண்டியின் தாளிலேயே ஏறிவிடும். சரியில்லையென்றால் கழற்றிவிட்டு வா. மாற்றலாமா கூடாதா என்பது அங்கே கேள்வியே இல்லை, ஒழுங்காக மாற்றியிருக்கிறாயா என்பதுதான் கேள்வி.

"இங்கே அப்படித் திறந்துவிட்டால் ஆளாளுக்கு லாரி டயர் மாட்டிக்கொண்டு வருவார்கள், சான்றிதழும் காசுக்குக் கிடைக்கும்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். நியாயமான பயம்தான், நம் ஊர் நமக்குத் தெரியாதா. ஆனால் இப்போது மட்டும் லாரி டயர் மாட்டாமலா இருக்கிறார்கள்? எல்லாவற்றையும் திறந்துவிடவும் வேண்டாம். நிறுத்துவது, பார்ப்பது, பிடித்துக்கொள்வது ஆகிய மூன்றில் மட்டும் ஆரம்பிக்கலாம். பிரேக், ஹெட்லைட், சீட் பெல்ட். இந்த மூன்றையும் கம்பெனி கொடுத்ததைவிட நல்லதாக மாற்ற விரும்பும் பழைய வண்டிக்காரருக்கு, சோதித்துப் பார்த்துத் தாளில் ஏற்றும் வழி ஒன்று இருக்கட்டும். 15 ஆண்டு முடிந்த வண்டி எப்படியும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆர்டிஓ ஆபீசுக்கு வந்து நிற்கத்தான் போகிறது. காருக்கான அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இருபது ஆண்டு தாண்டியதற்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். அவ்வளவு வாங்குகிறவர்கள் வண்டியை ஒரு பள்ளத்தின் மேல் ஏற்றி, ஒருவர் கீழே இறங்கி, அந்தப் பிரேக் குழாயை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்க்கலாமே.